பொங்கலைச் சனிக்கிழமைக்குத் தள்ளி வைக்கலாமா?

கேள்வி: 2025 ஜனவரி 5, ஞாயிறு

சிங்கப்பூருக்குப் படிக்க வந்து ஐந்து மாதம் ஆகிறது. இந்த முறை பொங்கல் 14ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை. 13ஆம் தேதிதான் இரண்டாம் பருவமே தொடங்குகிறது, செவ்வாய் காலை 9 மணிக்கு எனக்கு வகுப்பு. விடுதியில் ஆறேழு தமிழ்ப் பிள்ளைகள் இருக்கிறோம், 18ஆம் தேதி சனிக்கிழமை எல்லாருமாகச் சேர்ந்து பொங்கல் வைக்கலாம் என்று பேசி முடித்துவிட்டோம். அம்மாவிடம் சொன்னேன். "பொங்கல் என்ன உன் பொறந்தநாளா, வசதிப்பட்ட அன்னைக்கு வெச்சிக்க?" என்று கேட்டுவிட்டு ஃபோனை அப்பா கையில் கொடுத்துவிட்டார். தள்ளி வைத்தால் என்ன? இங்கே இருக்கிறவர்கள் எப்படிச் செய்கிறீர்கள்?

பதில்: ஜனவரி 5, இரவு

தாராளமாகத் தள்ளி வையுங்க தம்பி. தீபாவளிக்கு இங்கே பொது விடுமுறை, பொங்கலுக்குக் கிடையாது. இந்த ஊரில் பொங்கல் என்று ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. வகுப்பை விட்டுவிட்டு அடுப்படியில் நின்றால் சூரிய பகவான் வந்து வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடப் போகிறாரா? நான் 2021 ஆகஸ்டில் முனைவர் படிப்புக்கு வந்தவன், முதல் பொங்கலை அப்படித்தான் சனிக்கிழமை வைத்தேன். நன்றாகத்தான் இருந்தது.

ஜனவரி 6

நேற்று எழுதியதில் கடைசி வரி பொய். படுத்த பிறகு யோசித்துப் பார்த்தேன், நன்றாக இல்லை.

2022இல் பொங்கல் 14ஆம் தேதி, வெள்ளிக்கிழமை. ஆய்வுக்கூடத்தில் வேலையாக இருந்தபோது காலை ஒன்பதரைக்கு அம்மா வீடியோவில் கூப்பிட்டார். நம் ஊருக்கும் இங்கேயும் இரண்டரை மணி நேரம் வித்தியாசம், அங்கே ஏழு மணி. வாசலில் மூன்று செங்கல், வெண்கலப் பானை, புகைக்கு நடுவே அப்பா கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்கிறார். கையுறையோடு நின்ற நான் "அப்புறம் பேசறேம்மா" என்று வைத்துவிட்டேன். மறுநாள் சனிக்கிழமை நாங்கள் பொங்கல் வைத்தபோது பெருமையாகக் காட்டலாம் என்று நான் கூப்பிட்டால், அங்கே மாட்டுப் பொங்கல். "இருடா, மாட்டைக் குளிப்பாட்டிக்கிட்டு இருக்கோம், கொம்புல பெயின்ட் காயல" என்கிறார் அம்மா. நேற்று பொங்கி, சாப்பிட்டு, மிச்சத்தை இன்று காலை சுடவைத்தும் தின்று முடித்தவர்களிடம் நான் கரண்டியைத் தூக்கிக் காட்டிக்கொண்டு இருக்கிறேன். "நல்லா இருக்குப்பா, நெய் கொஞ்சம் ஊத்து" என்றார். அவ்வளவுதான்.

சாப்பாட்டில் குறை இல்லை. எட்டு மாடிக் கட்டடத்தில் எங்கள் ஏழு பேரைத் தவிர வேறு யாருக்கும் அன்று பொங்கல் இல்லை, அதுதான் சங்கடம். ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் கூடக்கூடாது என்று கொரோனா விதி வேறு அமலில் இருந்தது. ஆகவே இரண்டு பேர் மாடிப்படியில் நின்று "பொங்கலோ பொங்கல்" சொல்லிவிட்டு, முறை வந்ததும் உள்ளே வந்து சாப்பிட்டார்கள்.

ஆக உங்கள் அம்மா சொன்னதுதான் சரி. அன்றைக்கே சின்னதாக ஒரு டம்ளர் அரிசியில் வையுங்கள், சனிக்கிழமை கூட்டம் கூட்டிப் பெரிதாகச் சாப்பிடுங்கள். முதலாவது வீட்டுக்கு, இரண்டாவது நண்பர்களுக்கு.

ஜனவரி 6, கொஞ்சம் கழித்து

எந்தப் பானையில் வைப்பது என்று கேட்டிருந்தீர்கள். விடுதியில் மின்காந்த அடுப்புதானே? இண்டக்‌ஷன் என்று எல்லாரும் சொல்லும் அதுதான். அப்படியானால் மண்பானை வாங்காதீர்கள்! நான் வாங்கினேன். லிட்டில் இந்தியா பக்கம், தேக்காவில் பார்த்துப் பார்த்து, மஞ்சள் குங்குமமெல்லாம் வைத்து, அடுப்பின் மேல் ஏற்றிப் பொத்தானை அழுத்தினால் கீச் கீச் என்று கத்துகிறதே ஒழியச் சூடு ஏறவில்லை. மண், வெண்கலம், செம்பு, சாதாரண அலுமினியம் எதையும் அந்த அடுப்பு மதிக்காது, காந்தம் ஒட்டுகிற அடிப்பாகம் இருக்க வேண்டும். பக்கத்து அறைப் பையனிடம் எவர்சில்வர் பாத்திரம் கடன் வாங்கினோம். அதிலும் எல்லா எவர்சில்வரும் ஒட்டாது. குளிர்ப்பெட்டிக் கதவில் இருக்கிற அலங்காரக் காந்தத்தைக் கழற்றிக் கடையில் பாத்திரத்தின் அடியில் வைத்துப் பாருங்கள், கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தால் பார்க்கட்டும்.

இன்னொரு கூத்து இருக்கிறது. பால் பொங்கி வழிய வேண்டும், அதுதானே பொங்கல்? வழிந்த பால் தொடுபொத்தான்கள் மேல் விழுந்தவுடன் அடுப்பு தானே அணைந்துவிடும். சரியாக "பொங்கலோ" என்று ஆரம்பித்தபோது அணைந்தது. துடைத்து மறுபடி போடுவதற்குள் அடியில் பிடித்துவிட்டது.

கடைசியில் வெந்ததை மண்பானைக்கு மாற்றி, கழுத்தில் மஞ்சள் கொத்தைக் கட்டிப் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். இதை அவரிடம் இன்று வரை சொல்லவில்லை. நீங்களும் யாரிடமும் சொல்ல வேண்டாம்.

ஜனவரி 8

"இந்த ஊரில் பொங்கல் என்று ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது" என்று 5ஆம் தேதி எழுதியதற்கு இங்கேயே பிறந்து வளர்ந்த ஓர் அக்கா சரியாகக் கொடுத்தார். "உங்களுக்குத்தான் தம்பி இது வெளிநாடு. எங்கள் பாட்டி தஞ்சோங் பகாரில் விறகடுப்பில் பொங்கல் வைத்தவர்" என்று எழுதியிருக்கிறார். மறுக்க என்ன இருக்கிறது? 1935இல் தமிழ் முரசைத் தொடங்கிய கோ. சாரங்கபாணி 1952இல் தமிழர் திருநாளை ஆரம்பித்ததே பொங்கலையொட்டித்தான். சாதி, சமயம் பார்க்காமல் தமிழர் எல்லாரும் ஓரிடத்தில் கூட ஒரு நாள் வேண்டும் என்பது அவர் எண்ணம். படிக்க வருகிற நாங்கள் விடுதி, வகுப்பு, தேக்கா, முஸ்தபா பேரங்காடி என்று நான்கு இடத்தைப் பார்த்துவிட்டு ஊரைப் பற்றித் தீர்ப்பு எழுதிவிடுகிறோம். மன்னிக்க வேண்டும் அக்கா.

(அவர் இன்னொன்றும் சொன்னார்: மாணவர்கள் தனியாகக் குமுறாமல் பக்கத்து வீவக பேட்டையில், அதாவது அரசு அடுக்குமாடிக் குடியிருப்பில், சமூக மன்றம் நடத்தும் பொங்கலுக்குப் போகலாமே என்று. போகலாம். நான் போனதில்லை, வெட்கம்.)

ஜனவரி 11, சனி

இன்று தேக்காவுக்குப் போய்வந்தேன். கேம்பல் லேனில் நடக்க இடமில்லை, கரும்புக்கட்டு, பானை, தோரணம், அதற்கு நடுவே படம் எடுக்கும் சுற்றுப்பயணிகள். தேக்காச் சந்தையில் இஞ்சிக் கொத்தும் மஞ்சள் கொத்தும் வந்துவிட்டன. கரும்புக்கடை அண்ணன் வழக்கம்போல, "ரயில்ல போறீங்களா? மூணா வெட்டித் தரட்டா?" என்றார். வேண்டாம் என்றேன். இங்கே தோகையோடு முழுக் கரும்பைத் தூக்கிக்கொண்டு பெருவிரைவு ரயிலில் ஏறுவது ஒரு கலை. லிட்டில் இந்தியாவில் ஏறி நியூட்டனில் மாறித் தோ பாயோ வருவதற்குள் ஒரு குழந்தையின் கன்னத்தையும் ஒரு கனவானின் செய்தித்தாளையும் தோகை தடவிவிட்டது. டுரியான் கொண்டுவரக்கூடாது என்று ரயிலில் படம் போட்டு எச்சரித்திருக்கிறார்கள், கரும்பைப் பற்றி எதுவும் இல்லை.

முழுக் கரும்பு ஏன் என்று சொல்ல வேண்டும். 2023இல் விடுதியை விட்டு வெளியேறி ஒரு வீவக வீட்டில் அறை எடுத்தேன். விளம்பரங்களில் "லேசான சமையல் மட்டும்" என்று போடுவார்களே, அந்த வகை. ரசம் லேசான சமையலா, மிளகாய் வறுப்பது எதில் சேரும் என்றெல்லாம் சட்ட நுணுக்கம் பேசலாம், ஆனால் வீட்டுக்கார அம்மா எண்பதை நெருங்கும், ஹொக்கியன் என்னும் சீன மொழி பேசும் பாட்டி. அவர் பேசும் ஹொக்கியன் எனக்குத் தெரியாது, என் ஆங்கிலம் அவருக்குத் தெரியாது. சந்தை மலாயில் இருவரும் சமாளிக்கிறோம். வீட்டில் எல்லாரும் அவரை "ஆ மா" என்பார்கள், பாட்டி என்று அர்த்தம், நானும் அப்படியே கூப்பிடுகிறேன். ஒருநாள் ஃபோன் பேசிக்கொண்டே சமையலறைப் பக்கம் "ஆ மா" என்று குரல் கொடுத்தேன். எதிர்முனையில் என் அம்மா, "யாரடா அங்க அம்மாங்கற?" என்றார். விளக்கிச் சொல்லி முடிக்க பத்து நிமிடம் ஆனது.

போன வருஷம், அதாவது 2024இல், பொங்கல் 15ஆம் தேதி திங்கள். இரண்டு நாள் முன்னால் கரும்போடு வாசலில் நின்றபோது ஆ மா கதவைத் திறந்தவர், "தெபு?" என்றார். மலாயில் கரும்பு. ஆமாம் என்றேன். விரல் விட்டு எண்ணினார். சீனப் புத்தாண்டே இன்னும் வரவில்லையே, அதற்குள் ஏன் வாங்கினாய், காய்ந்துவிடும் என்று கவலைப்பட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பேரன் வந்து மொழிபெயர்த்த பிறகுதான் தெரிந்தது. புத்தாண்டின் ஒன்பதாம் நாள் தீ கோங், அதாவது வானத்துப் பேரரசரின் பிறந்தநாள். ஹொக்கியன்காரர்களுக்குப் புத்தாண்டைவிடப் பெரிய நாள். அதற்கு முந்தின ராத்திரி படையல் மேசையின் இரண்டு பக்கமும் முழுக் கரும்பு கட்ட வேண்டும். வெகு காலத்துக்கு முன் எதிரிகள் துரத்தியபோது அவர்கள் ஆட்கள் கரும்புத் தோட்டத்துக்குள் ஒளிந்து பிழைத்தார்களாம், வெளியே வந்த நாள்தான் அந்த ஒன்பதாம் நாளாம். ஹொக்கியனில் கரும்பைச் சொல்லும் சொல்லும் நன்றி சொல்லும் சொல்லும் கிட்டத்தட்ட ஒரே ஓசை.

அன்று ஆ மா என் கரும்பை அடியிலிருந்து நுனி வரை தடவிப் பார்த்து, "தோகையை வெட்டவில்லை, நல்லது" என்றார். என் அம்மா சொல்கிற அதே குறை நிறை. அப்போதிருந்து வெட்டுவதே இல்லை.

ஜனவரி 14, காலை 8.20, ரயிலிலிருந்து

பொங்கியது. 7.14க்கு.

கணக்கு சொல்கிறேன். நம் டெல்டா பக்கம் தை மாதம் சூரியன் வரவே ஆறரை தாண்டிவிடும், அது இங்கே ஒன்பதுக்கு மேல். உங்கள் வகுப்பு, என் வேலை எல்லாம் அந்நேரம்தான். ஆகவே வீட்டோடு சேர்ந்து வைப்பது நடக்காது. ஆனால் இங்கே சூரியன் 7.10 வாக்கில் வருகிறது, அங்கே அப்போது விடியாத 4.40. இரண்டு வருஷமாக நான் இங்கத்துச் சூரியனுக்கு வைக்கிறேன். ஆ மா வீட்டில் எரிவாயு அடுப்பு, 2022இல் வாங்கிய அதே மண்பானை இப்போது வேலை செய்கிறது (ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்த பிறகு ஏற்றுங்கள்). அம்மா அந்நேரம் கோலமாவு கையோடு வாசலில் இருப்பார். ஃபோனைத் திண்ணையில் சாய்த்து வைத்துக்கொண்டு, அப்பா தூங்குகிறார் என்பதால் ரகசியம் பேசுகிற குரலில் "பொங்கலோ பொங்கல்" என்றார். "இந்த வருஷமும் நம்ம வீட்டுல மொத பொங்கல் உன்னுதுதான்." ஆ மா குளிருக்குக் கம்பளிச் சட்டை மாட்டிக்கொண்டு வந்து கைதட்டினார். இருபத்து நாலு டிகிரி, அதற்குக் கம்பளி.

வகுப்புக்காரத் தம்பி, உங்களுக்கு என்ன ஆயிற்று? பால் பொங்கிச்சா?

ஜனவரி 15, மாட்டுப் பொங்கல்

மாலை கேம்பல் லேன் போனேன். பொங்கலையொட்டிப் பண்ணையிலிருந்து மாடுகளை லாரியில் கொண்டுவந்து தட்டிக்குள் கட்டுகிறார்கள், பிள்ளைகள் வரிசையில் நின்று பார்க்கின்றன. நானும் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு சிறுவன், "அம்மா, நிஜ மாடா?" என்று கேட்டான். சிரிப்பு வந்தது, அப்புறம் நம் ஊர்ப் பிள்ளைகளே எத்தனை பேர் மாட்டைத் தொட்டிருக்கும் என்று தோன்றியது. நானே பால்காரர் வீட்டு மாட்டுக்குத்தான் இப்போது பயப்படுகிறேன்.

இதில் வேடிக்கை, அந்த வட்டாரமே மாட்டால் வளர்ந்தது. பஃபலோ சாலை என்று பெயர். பக்கத்தில் கெர்பாவ் சாலை, கெர்பாவ் என்றால் மலாயில் எருமை. கண்டாங் கெர்பாவ் என்றால் எருமைத் தொழுவம், அந்தப் பெயர் இன்று ஒரு பெரிய மகப்பேற்று மருத்துவமனையின் பெயரில் முதலெழுத்துகளாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. தொழுவம் இருந்த வட்டாரத்துக்கு விருந்தாளியாக மாடு வந்து போகிறது.

தட்டி ஓரத்தில் வைக்கோல் வாசனை வந்தது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.

ஜனவரி 19

தம்பி அனுப்பிய கணக்கு வந்தது. செவ்வாய்க்கிழமை அதிகாலை ஒரு டம்ளர் அரிசி, வகுப்புக்கு ஐந்து நிமிடம் தாமதம், பாத்திரம் ஊறப்போட்டு ஓட்டம். சனிக்கிழமை பதினெட்டுப் பேர், அதில் ஏழு பேர்தான் தமிழர். பாதிக்குப் பிறகு வெல்லம் தீர்ந்து, கடைக்கு ஓடச் சோம்பல்பட்டு யாரோ குலா மலாக்காவைப் போட்டார்களாம். தப்பில்லை. அது தென்னம்பாளைப் பதநீரில் காய்ச்சுவது, நம் கருப்பட்டிக்கு ஒன்றுவிட்ட தம்பி. நிறம் கருக்கும், லேசாகப் புகைவாசனை வரும். நானும் ஒருமுறை போட்டேன், வேண்டுமென்றே. ஆனால் அதை அக்காரவடிசல் என்று அம்மாவிடம் சொன்னது உங்கள் தைரியம்.

பிப்ரவரி 6

நேற்று இரவு பதினொன்றுக்கு ஆ மா அறைக்கதவைத் தட்டினார். படையல் மேசைக்குக் கரும்பு கட்ட வேண்டும், பேரன் வேலையிலிருந்து வரவில்லை. வேரோடு, தோகையோடு இரண்டு, என்னைவிட உயரம், நடுவில் சிவப்புக் காகிதம் சுற்றியிருந்தது. மேசைக்காலோடு சேர்த்துக் கட்டச் சொன்னார். நான் போட்டது எங்கள் அப்பா பொங்கலுக்கு வாசல் தூணில் கரும்பு கட்டும் முடிச்சு. சின்ன வயதில் எத்தனையோ தரம் சொல்லிக் கொடுத்தார், ஒருதரம்கூடச் சரியாகப் போட்டதில்லை. நேற்று கை தானாகப் போட்டது. ஆ மா இழுத்துப் பார்த்தார், அசையவில்லை. நள்ளிரவில் ஊதுபத்தி ஏற்றிக் கும்பிட்டு முடித்து எனக்கு ஒரு ஆரஞ்சும் சிவப்பு ஆமை வடிவ மாப் பலகாரமும் கொடுத்தார்.

இந்தப் பக்கத்துக்கு இது சம்பந்தமில்லை என்று யாராவது சொல்வீர்கள். சொல்லுங்கள்.

அக்டோபர் 21

நேற்று தீபாவளி. தம்பி தேர்வுக்குப் படித்துக்கொண்டே தூங்கிவிட்டதாக எழுதியிருக்கிறார். எனக்கு விடுமுறை, சிராங்கூன் சாலை முழுக்க விளக்கு, கடைகளில் விடிய விடியக் கூட்டம். ஆனாலும் பொங்கலைப் போல ஒட்டவில்லை. ஒன்று, பட்டாசு இல்லை, 1972இலேயே தடை போட்டுவிட்டார்கள், கம்பி மத்தாப்போடு சரி. இன்னொன்று, எல்லாம் வாங்கக் கிடைக்கிறது. முறுக்கு, அதிரசம், துணி. வாங்கி, தின்று, படுத்தேன். பொங்கலுக்கு நான் எழுந்து அடுப்பைப் பற்றவைக்காவிட்டால் இந்த வீட்டில் பொங்கல் இல்லை.

காலையில் அம்மாவைக் கூப்பிட்டேன். அந்தப் பக்கம் வெடிச்சத்தத்தில் அவர் பேசியது ஒன்றுமே காதில் விழவில்லை. வைக்க மனசில்லாமல் பத்து நிமிடம் பிடித்துக்கொண்டிருந்தேன்.

2026 ஜனவரி 16, ஊரிலிருந்து

ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டு ஐந்து வருஷத்தில் முதல் தடவையாகப் பொங்கலுக்கு வீட்டில் இருக்கிறேன். நேற்று நாலரைக்கே முழிப்பு வந்துவிட்டது. அம்மா வாசலில் கோலம் போட்டுக்கொண்டே, "இந்நேரம் அங்க பொங்கியிருக்கும்ல?" என்றார். நான் இங்கே நிற்கிறேனே என்றேன். "ஆமால்ல."

அப்புறம் ஆறரை மணிக்கு வாசலுக்குச் செங்கல் எடுத்துவரப் போனால், "அதெல்லாம் வேணாம், உள்ள வா" என்கிறார். அடுப்படியில் காஸ் அடுப்பு மேல் வெண்கலப் பானை பாதி வெந்துகொண்டிருக்கிறது. முழங்கால் வலி, குனிந்து ஊத முடியவில்லையாம். மூன்று வருஷமாக இப்படித்தானாம். "எனக்கு அனுப்பின படத்துல வாசல்ல செங்கல் மேல இருந்துச்சே?" என்றேன். அப்பா சிரித்துவிட்டார். வெந்த பிறகு இரண்டு பேரும் துணி பிடித்துப் பானையை வாசலுக்குத் தூக்கிவந்து, அடியில் நாலு சுள்ளியைக் கொளுத்திப் படம் எடுப்பார்களாம். "நீ அங்க தனியா இருக்கியேன்னு..." என்று இழுத்தார் அம்மா. நான் மண்பானைக் கதையைச் சொன்னேன்.

தம்பி, நேற்று எத்தனை மணிக்கு வைத்தீர்கள்? ஆ மாவிடம் கரும்பு கொடுத்தாயிற்றா? தோகை வெட்டாததுதானே?